‘ஆறு பயிற்சிக்குப் போவேன்’ என்பது திட்டம் ஆகுமா?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 24 பிள்ளைகள். ஒன்றிலிருந்து நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் 52-இல் 27 போனால் 35 என்கிறார்கள். ‘நூற்று ஐந்து’ எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறார்கள். இந்த ஆண்டுக்கான என் தொழில்சார் வளர்ச்சித் திட்டத்தைத் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். ‘மாணவர்களின் எண்ணுணர்வை வளர்ப்பேன், ஆறு பயிற்சிகளில் கலந்துகொள்வேன்’ என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சியை எதிர்பார்க்கிறது. அந்தக் கணக்கு தனியாக ஓடட்டும். பயிற்சிக்குப் போய்வந்த பின் உங்கள் வகுப்பில் எது மாறும் என்பதுதான் வளர்ச்சித் திட்டம். அதைத் தொடங்க வேண்டிய இடத்தை உங்கள் பிள்ளைகளே இரண்டு தவறுகளில் காட்டிவிட்டார்கள்.

35 என்ற விடை கவனக்குறைவால் வந்ததில்லை. ஏழில் இரண்டு போக ஐந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவது இரண்டு தனித்தனி இலக்கங்கள். 52 என்ற அளவு படவில்லை. இந்த நிலையில் ‘கடன் வாங்கிக் கழி’ என்று மறுபடி நடத்தினால் புரியாத இன்னொரு சடங்குதான் சேரும். 1005-க்கும் காரணம் உண்டு. நூறு என்றதும் 100, ஐந்து என்றதும் 5. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள். பழந்தமிழ் எண்முறையில் அதை ௱௫ என்றுதானே எழுதினார்கள்! தொண்ணூறுக்குள் ‘நூறு’ ஒலிப்பதும், தொள்ளாயிரத்துக்குள் ‘ஆயிரம்’ ஒலிப்பதும் தமிழில் எண் கற்கும் பிள்ளைக்குக் கூடுதல் சுமை. அந்த இரண்டு இடங்களிலும் நின்று நிதானமாகப் போங்கள்.

ஆகவே முதல் வேலை கேட்பது. ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஏழு நிமிடம். எட்டு வேலை நாளில் 24 பேரும் முடிந்துவிடுவார்கள். ஐந்தே செயல்கள். ஐந்து புள்ளி உள்ள அட்டையை இரண்டு விநாடி காட்டி மறைத்து, எத்தனை என்று கேளுங்கள். 16 பாட்டில் மூடிகளைக் கொடுத்து எண்ணி எழுதச் சொல்லுங்கள். எழுதிய 6-ஐத் தொட்டு ‘இது எத்தனை மூடி?’ என்றும், 1-ஐத் தொட்டு அதே கேள்வியையும் கேளுங்கள். 1-க்கு ஒற்றை மூடியை எடுத்து வைக்கும் பிள்ளைக்கு இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. பிறகு, ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 என்று கட்டிய கயிற்றில் 47 எங்கே வரும் என்று துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள். நூற்று ஐந்தை எழுதச் சொல்லுங்கள். கடைசியாக 8-உம் 5-உம் எவ்வளவு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் குறியுங்கள். அந்த நேரத்தில் மட்டும் திருத்தாதீர்கள். திருத்திய மறுகணமே பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும்.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பீர்கள். அது பிள்ளை நிற்கும் இடத்தைச் சொல்லும். ஏன் அங்கே நிற்கிறது என்பதை இந்த நோட்டுதான் சொல்லும்.

இனி இலக்கை எழுதலாம், இப்படி: ‘அரையாண்டுத் தேர்வுக்குள் 24 பேரில் 18 பேராவது 28+5 போன்ற கணக்கை விரல்விட்டு ஒவ்வொன்றாக எண்ணாமல், பத்தாக்கியோ பிரித்தோ செய்து, செய்த விதத்தையும் சொல்வார்கள். அதற்காக நான் வாரம் நான்கு நாள் பத்து நிமிடம் மனக்கணக்குப் பேச்சு நடத்துவேன். விடை சரியா தவறா என்று சொல்லுமுன் மூன்று பேரின் வழியைக் கேட்பேன்.’ எண்ணிக்கையை உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை என்ன செய்யும், நான் என்ன செய்வேன் என்ற இரண்டும் அதில் இருக்கட்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் சிலேட்டு வேண்டாம். 8+5, 18+5, 28+5 என்று தொடராகக் கொடுங்கள். முதல் கணக்கு அடுத்ததற்குக் கை கொடுக்கும். கையைத் தூக்கவிடாமல், விடை கிடைத்தவர்கள் நெஞ்சருகே கட்டைவிரலைக் காட்டட்டும். பத்துக் கைகள் உயர்ந்தால் மெதுவாக யோசிக்கும் பிள்ளை அத்தோடு நிறுத்திக்கொள்ளும். வந்த விடைகள் எல்லாவற்றையும் முகம் மாறாமல் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். வழக்கமாக இது கெடுவது ஒரே இடத்தில்தான்: பிள்ளை தடுமாறியதும் ஆசிரியரே விளக்கத் தொடங்கிவிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். கேள்விக்குப் பின் மூன்று விநாடியாவது காத்திருந்தீர்களா, விடையை எத்தனை முறை நீங்களே சொன்னீர்கள், எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்று எண்ணி எழுதுங்கள். உங்கள் வளர்ச்சிக்கு இதைவிட நேரான சான்று இல்லை.

பொருளுக்குச் செலவு அதிகமில்லை. 30 முட்டை அட்டையை ஈரைந்து குழிகளாக வெட்டினால் மூன்று பத்துக்கட்டங்கள் கிடைக்கும். ஒன்றில் எட்டுப் புளியங்கொட்டையைப் போட்டதும் இரண்டு குழி காலியாக இருப்பது தெரியும். ஐந்திலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினால் பத்தும் மூன்றும். விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள், ஆனால் கட்டுவது பிள்ளைகளாக இருக்கட்டும். கட்டியும் அவிழ்த்தும் பார்த்த கைக்கே பத்து ஒன்றுகள்தான் ஒரு பத்து என்பது விளங்கும். 1005-க்கு மருந்து அடுக்கட்டை: 100 எழுதிய 12 செ.மீ. அட்டையின் மேல், 5 எழுதிய 4 செ.மீ. அட்டையை வலது ஓரம் பொருந்த வையுங்கள், 105 ஆகிவிடும். கழித்தலுக்கு அதே கயிறு: 27-லிருந்து 30-க்கு 3, அங்கிருந்து 50-க்கு 20, 52-க்கு இன்னும் 2, ஆக 25. பல்லாங்குழியையும் கொண்டுவாருங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து. மொத்தம் எத்தனை காய் என்று ஆடுமுன் கேட்டுப் பாருங்கள்.

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களைக் கொண்டுபோய், ‘இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்?’ என்று சக ஆசிரியர்களைக் கேளுங்கள். அரையாண்டு முடிந்ததும் அதே ஐந்து செயல்களை 24 பேருக்கும் மறுபடி செய்து, பழைய பதிலுக்குப் பக்கத்திலேயே புதிய பதிலை எழுதுங்கள். 18 பேர் வராமல் 13 பேர்தான் வந்தால் மறைக்க வேண்டாம். மீதி 11 பேரில் யார் மூடியில் நிற்கிறார்கள், யார் கயிற்றில் நிற்கிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். மூடியில் நிற்பவர்களுக்கு ஜனவரியில் தினமும் 15 நிமிடம் ஈர்க்குக் கட்டுகளும் முட்டை அட்டையும். கயிற்றில் நிற்பவர்களுக்கு முதலில் 0 முதல் 20 வரை மட்டும் உள்ள சின்னக் கயிறு.