பர்ன்ஸ் விருந்தில் தமிழ்க் கவிதை எடுபடுமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் அபர்டீனில் வசிக்கிறேன். எங்கள் பகுதிச் சமூகக்கூடத்தில் நடக்கவிருக்கும் பர்ன்ஸ் விருந்தில் என் தாய்மொழிக் கவிதை ஒன்றை வாசிக்கச் சொல்கிறார்கள். யாருக்கும் புரியாத மொழியில் வாசிப்பது பொருந்துமா? நான் சைவம், மதுவும் அருந்துவதில்லை.

பதில்: தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தம் புகழ்பெற்ற கவிதைகள் பலவற்றை ஸ்காட்ஸ் மொழியில் எழுதியவர் என்பதால், அவருடைய பிறந்தநாளான ஜனவரி 25-ஐ ஒட்டிக் கூடும் அவையில் உள்ளூர்க்காரர்கள் பலருக்கே சில சொற்களுக்கு அரும்பொருள் தேவைப்படும். ஓசையை முதலில் கேட்டு, பொருளைப் பிறகு கேட்டறிவது அங்கே புதிதல்ல.

எதை வாசிப்பது? ‘யாதும் ஊரே’ பலருக்கும் உடனே நினைவுக்கு வரும். 1999-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் திறப்பு விழாவில் பாடப்பட்ட, மனிதர் யாவரும் சமம் என்னும் பர்ன்ஸ் பாடலுக்கு அது இணையாகவும் நிற்கும். ஆனால் என் தேர்வு வேறு. உழும்போது கலைந்துபோன கூட்டுக்காக ஒரு சுண்டெலியிடம் வருத்தம் தெரிவித்து பர்ன்ஸ் 1785-இல் எழுதிய கவிதை அங்கே அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அதை நினைவூட்டிவிட்டு, பாரதியின் ‘காக்கை குருவி எங்கள் ஜாதி’ என்ற வரி வரும் பாடலைப் படித்தால் நீண்ட முன்னுரைக்கு வேலையில்லை. பொருளை ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லி, மூன்று நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயத்தோடு சேர்த்து இரைப்பையில் அடைத்து வேகவைக்கும் ஹேகிஸ்தான் அன்றைய நாயகன். பேக்பைப் என்னும் துருத்திக்குழல் இசை முழங்க அதைக் கொண்டுவரும்போது எழுந்து நிற்க வேண்டும். அதை வாழ்த்தும் பர்ன்ஸ் கவிதையின் மூன்றாம் பத்தியில் வாசிப்பவர் கத்தியைப் பாய்ச்சுவார், ஆவியோடு உள்ளீடு பிதுங்கி வரும். (பட்டுப்புடவையோ வெள்ளை வேட்டியோ உடுத்துவதானால் சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.) பருப்பும் பயறும் சேர்த்த சைவ ஹேகிஸ் இப்போது பரவலாகக் கிடைக்கிறது, ஆனாலும் சூப்பு கோழிச்சாற்றில் செய்ததாக இருக்கலாம் என்பதால் அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விஸ்கிக்குப் பதில் பழச்சாற்றுக் கோப்பையை உயர்த்தினால் யாரும் குறையாக எண்ணமாட்டார்கள்.

பெண்களை வாழ்த்தும் உரையிலும் அதற்குப் பெண்கள் தரும் பதிலிலும் வரும் கேலி மரபானது. மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இறுதியில் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து பழைய நட்பைப் போற்றும் ‘ஆல்ட் லாங் சைன்’ என்ற பர்ன்ஸ் பாடலைப் பாடுவார்கள். கைகளைக் குறுக்காக மாற்றிக் கோப்பது, நண்பனிடம் கைநீட்டும் கடைசிச் சரணத்தில்தான். முதலிலேயே மாற்றிவிடும் தவற்றை உள்ளூர்க்காரர்களும் செய்வதுண்டு.