செவுள் வளைந்த ஆக்சலாட்டல்

கேள்வி: எங்கள் ஆக்சலாட்டல் (செவுளோடு தண்ணீரிலேயே வாழும், பல்லி வடிவ நீர்நில வாழ்வி) நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. செவுள் முன்பக்கம் வளைந்து, நுனியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. ஊற்றுவது போர் தண்ணீர். உப்புத் தண்ணியால் இப்படி ஆகுமா?
– பெருந்துறை வாசகி

பதில்: உப்புத் தண்ணியைத் திட்டாதீங்க, கடினத் தண்ணீர் இதற்கு ஒத்துக்கொள்ளும். எனக்குச் சந்தேகம் வெயில் மேல்தான். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பிராணி இது, 16 முதல் 18 டிகிரியில் சுகமாக இருக்கும், 24-ஐத் தாண்டினால் தவித்துப்போகும், நம்ம ஊர்ச் சித்திரையில் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்று தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். அப்படியே தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டும் வாங்குங்கள்: கழிவிலிருந்து வரும் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 20 பங்கு).

அந்தப் பஞ்சு பெரும்பாலும் பூஞ்சைதான், பிய்த்து எடுக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பில் தனியாக விட்டு, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். ஐஸ் கட்டியை நேரே போடாமல், தண்ணீர் உறைந்த பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் முறிப்பான் கட்டாயம். கடையில் தரும் மீன் மருந்தைச் சும்மா ஊற்ற வேண்டாம், இதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். இரண்டு மூன்று நாளில் தெளியவில்லையா, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போன் போட்டு, இதைப் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.