மேடையில் பொட்காஸ்ட்: சிரிப்பு யார் பொறுப்பு?

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, பார்வையாளர் முன்னிலையில் நகைச்சுவைப் பொட்காஸ்ட் ஒன்றைப் பதிவு செய்ய எண்ணியுள்ளோம். சிரிக்க வைப்பது தொகுப்பாளரா, விருந்தினரா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தொகுப்பாளர் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்பவராக இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 2009இல் லொஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘கொமடி பேங்! பேங்!’ என்ற நகைச்சுவைப் பொட்காஸ்டில், கற்பனைப் பாத்திரமாக வரும் விருந்தினர் எவ்வளவு அபத்தமாகப் பேசினாலும், தொகுப்பாளர் ஸ்கொட் ஓக்கர்மன் அதை மெய்யென ஏற்றுக்கொண்டு மேலும் துருவுவார். அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் அந்தப் பாத்திரமே வளர்கிறது.

உங்கள் மேடையில் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக வந்து, “துரை வீட்டு நாய்க்கு இன்று அரைப்பேர்தான் போட்டேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (பறித்த கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலி மட்டும் பதிவதுதான் அரைப்பேர்.) “நாய்க்கு ஏது பேர்?” என்று மறுத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். “கொழுந்து எத்தனை கிலோ குறைந்தது?” என்று கேட்டுப் பாருங்கள், நாய் கூடையோடு மலைக்கு ஏறிவிடும்.

விருந்தினரும் மனப்பாடம் செய்து வந்த துணுக்குகளை ஒப்பிக்காமல், கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டும். நண்பர்களுக்குள் மட்டும் விளங்கும் கிண்டலை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். மலையகத்தின் நாட்டார் கூத்தான காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த நம் பார்வையாளர்கள் எப்படியும் இடையில் குரல் கொடுப்பார்கள். அவர்கள் சொன்னதையும், மேடையில் காட்டிய சைகையையும் தொகுப்பாளர் ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லாவிட்டால், பின்னர் பதிவைக் கேட்பவருக்கு வெறும் சிரிப்பொலிதான் மிஞ்சும்.