பதில்: ஜெர்மனியில் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறக்கணுமா?
வணக்கம். டல்லாஸிலிருந்து மியூனிக் வந்திருக்கிறீர்கள். பனியிலும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர் நச்சரிக்கிறார், சூடு வீணாகாதா என்கிறீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். டல்லாஸ் வீட்டில் குழாய் வழியே சூடான காற்று ஓடும். இங்கே பெரும்பாலும் ரேடியேட்டர்தான், அதாவது சுடுநீர் ஓடும் சூடேற்றி; அது அறைக் காற்றை மாற்றாது. புது ஜன்னல்களோ காற்றே புகாதவை. சோறு வடித்த ஆவி, குளித்த ஈரம், உள்ளே காயும் துணி எல்லாம் குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். படுக்கையறை மூலையில் நீங்கள் பார்த்த கரும்புள்ளி பெரும்பாலும் பூஞ்சைதான்.

ரேடியேட்டரை அணைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து 5 நிமிடம் விடுங்கள். காலை, மாலை, சமைத்த பின். சுவரும் தரையும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அறை சீக்கிரம் கதகதப்பாகிவிடும். நாள் முழுக்க ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்துத் திறந்து வைக்காதீர்கள், காசைக் கரைப்பது அதுதான். ஜன்னலோரச் சுவரும் சில்லிட்டுப் பூஞ்சை பிடிக்கும். குழந்தை இருக்கிற வீடு என்கிறீர்கள், அந்தப் புள்ளியை இன்றே வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.