வார்டு நிதியைச் சங்கத்திடமே கொடுத்துவிட்டால் என்ன?

கேள்வி: எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு நான் செயலாளர். பூங்காவை நாங்களே பராமரிக்கிறோம். தெருவில் கேமரா வைத்தோம். குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கிறோம். கவுன்சிலர் ஓட்டுக் கேட்க வந்ததோடு சரி. வீட்டுக்காரர்களில் 90 சதவீதம் பேர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. இன்று வருவார்கள், நாளை போவார்கள். சங்கத்துக்குள் அரசியலும் கிடையாது. பகுதிக்கு ஒதுக்கும் நிதியை நேராக எங்களிடமே கொடுத்துவிட்டால் என்ன? முனையில் நிற்கும் தள்ளுவண்டிகளையும் நாங்களே ஒழுங்குபடுத்திவிடுவோம்.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: வேண்டாம் சார். கொடுக்கக் கூடாது.

பூங்காவுக்கும் குப்பைக்கும் பாராட்டு. அதில் கிண்டல் எதுவும் இல்லை. மாநகராட்சியைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள்தான் எங்கும் அதிகம். நீங்கள் தெருவில் இறங்கியிருக்கிறீர்கள். ஆனால் அந்த 90 சதவீதத்தில் சிக்கிக்கொண்டேன். வீட்டுக்காரர்களில் 90 என்றால் குடியிருக்கிறவர்களில் எவ்வளவு? கடிதத்தில் அந்தக் கணக்கு இல்லை. சங்கத்திலும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

சதவீதம் சொல்லும் சங்கங்களைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. சிகாகோ நகரின் தென்பகுதியில் 1920களின் கடைசியில் வீட்டு உரிமையாளர்கள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கறுப்பினத்தவருக்கு அங்கே யாரும் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. தெருவைப் பார்த்திருக்கும் மனைகளின் மொத்த நீளத்தில் 95 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். ஒப்பந்தத்தைக் கட்டிக்காத்ததும் சொத்து உரிமையாளர்களின் சங்கம்தான். முதலில் வந்த ஒரு வழக்கில் 95 சதவீதம் ஆகிவிட்டது என்று இரண்டு தரப்புமே ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்றமும் எண்ணிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது. 1937-இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினத்தவர் அங்கே வீடு வாங்கினார். அவரை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். அப்போதுதான் கையெழுத்துகளை உட்கார்ந்து எண்ணினார்கள். சுமார் 54 சதவீதம்தான் வந்தது!

அதற்குப் பிறகும், பழைய தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றே கீழ் நீதிமன்றங்கள் சொல்லின. 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம்தான் உங்களுக்கு வேண்டியது. அந்த ஒப்பந்தம் வேண்டும் என்கிறவர்களின் நலன் வேறு, வேண்டாம் என்கிறவர்களின் நலன் வேறு. முதல் கூட்டம் வழக்காடிவிட்டதாலேயே இரண்டாவது கூட்டத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டதாக ஆகாது. நிற ஒதுக்கலின் மீது அன்று நீதிமன்றம் கை வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948-இல்தான், வேறொரு வழக்கில் வந்தது.

உங்கள் சங்கத்தை அந்தச் சங்கத்தோடு சேர்த்துவைக்க இதைச் சொல்லவில்லை. நிதி உங்கள் கைக்கு வந்தால், கூட்டத்துக்கே அழைக்கப்படாதவர்களின் பெயரிலும் நீங்கள் செலவு செய்வீர்கள், அதுதான் விஷயம். சொந்த வீட்டுக்காரருக்குத் தெருவில் கார் நிறுத்த இடம் வேண்டும். மாடியில் குடியிருப்பவருக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் வேண்டும், பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்க வேண்டும். எது முதலில் என்று முடிவு செய்வதற்குப் பெயர்தான் அரசியல். அது இல்லாத சங்கம் ஒன்று இருந்தால் அங்கே செலவு செய்யப் பணமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அப்படியானால் குடியிருப்பவர்கள் எதையுமே தங்கள் கையால் செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். கராச்சியின் ஓரங்கி பகுதியில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூக சேவகர் அங்கே ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு அங்கீகாரம் இல்லாமல் வளர்ந்த குடியிருப்பு, சாக்கடை வசதி கிடையாது. அவர் பணம் கொண்டுவரவில்லை. திட்டத்தின் ஆட்கள் அளவெடுத்துக் கொடுத்தார்கள், வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள், கருவிகளை இரவல் தந்தார்கள், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். ஒரு சந்தில் இருபது முப்பது வீடுகள். அவர்களே தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, அவரிடம் பணத்தைக் கொடுத்து, தங்கள் சந்துக்குக் குழாய் பதித்தார்கள். காண்டிராக்டர் இல்லாததால் செலவு, அரசு செய்தால் ஆகும் தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆனது. போகப்போக இப்படிச் செய்துகொண்ட வீடுகள் ஒரு லட்சத்தை நெருங்கின.

இதைச் சொன்னதும் ‘அதைத்தானே நாங்களும் கேட்கிறோம்’ என்பீர்கள். இல்லை. சந்துக்குள் போட்டது அவர்கள் பணம். கணக்குக் கேட்க அந்த இருபது முப்பது வீடுகளும் எதிரெதிரே இருந்தன. பெரிய கால்வாயும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று அங்கே கோடு கிழித்துவிட்டார்கள். நீங்கள் கேட்பது கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பணம். அது வாடகைக்கு இருப்பவர் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் கட்டும் வரியிலிருந்தும் வந்தது.

பொதுப்பணத்தில் மக்கள் கை வைத்த இடமும் உண்டு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் குடியிருப்புச் சங்கங்களின் கூட்டமைப்பு 1980களின் நடுவிலேயே இதைக் கேட்டது. 1989-இல் மாநகராட்சி இறங்கி வந்தது. நகரத்தை வட்டாரங்களாகப் பிரித்துக் கூட்டம் போட்டார்கள். வாசலில் சங்க ரசீது கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் வசிக்கும் யாரும் வந்து ஓட்டுப் போடலாம். பணத்தைப் பிரிக்கும்போது எங்கே வசதி குறைவு, எங்கே ஜனம் அதிகம் என்று புள்ளி போட்டு, அந்த வட்டாரங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அழகான பூங்காவை ஏற்கெனவே வைத்திருக்கும் பகுதி அந்தக் கணக்கில் வரிசையின் கடைசிக்குத்தான் போகும். அந்த நிபந்தனையோடு நிதி கேட்கத் தயாரா? (அங்கேயும் அது நிரந்தரமாக நிற்கவில்லை. 2017-இல் நிறுத்திவைத்துவிட்டார்கள். கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் செய்யும்.)

நேராக அரசாங்கத்தின் கையாகவே மாறிய சங்கங்களின் கதை ஜப்பானில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருந்த சோனாய்காய் என்ற குடியிருப்புச் சங்கங்களை 1940-இல் உள்துறை அமைச்சகம் தன் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொண்டது. அதற்குக் கீழே பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒரு குழு. ரேஷன் அது வழியாகத்தான், போர்க்காலச் சேமிப்பு வசூல் அது வழியாகத்தான், பக்கத்து வீட்டுக்காரர் என்ன பேசுகிறார் என்ற தகவலும் அது வழியாகத்தான். போர் முடிந்து, அமெரிக்கா தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1947-இல் அவற்றைக் கலைத்தது. 1952-க்குப் பிறகு மறுபடியும் முளைத்தன. இன்றும் திருவிழா நடத்துகின்றன, பேரிடர் பயிற்சி கொடுக்கின்றன. உங்கள் கேமராக்களைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லப்போவதில்லை.

கவுன்சிலர் வரவில்லை என்கிறீர்கள். அவர் வராதபோது அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். செயலாளரைத் தோற்கடிக்க மாடிவீட்டு வாடகைக்காரருக்கு என்ன வழி? அவருக்கு மாநகராட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு, உங்கள் பொதுக்குழுவில் இல்லை. ‘இன்று வருவார்கள், நாளை போவார்கள்’ என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பல ஊர்களில் பத்து வருஷம் ஒரே வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு, வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டு வேறு நாட்டில் இருப்பவர்களும் உண்டு. இரண்டாமவர் உங்கள் உறுப்பினர்.

இப்போதைக்கு உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. உங்கள் தெருவில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தார் எத்தனை அங்குலம் என்று எழுதியிருக்கிறதோ அதை அளந்து பாருங்கள். குறைந்தால் பில்லைப் பாஸ் செய்யாதே என்று எழுத்தில் கொடுங்கள். இதைச் செய்யும் சங்கத்தைக் கண்டு காண்டிராக்டர் பயப்படுவார். நிதியைக் கையில் வாங்கிய சங்கத்தோடு அவர் சீக்கிரமே நண்பராகிவிடுவார்.

தள்ளுவண்டி விஷயம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1999-இல் தன் சாசனத்தைத் திருத்தி வட்டார மன்றங்களை அமைத்தது. மாநகராட்சிக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகள்தான். அங்கே குடியிருப்பவர், சொத்து வைத்திருப்பவர் இவர்களோடு, அந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவருக்கும் ஓட்டு உண்டு. அந்த விதிப்படி பார்த்தால் முனையில் வண்டி நிறுத்தியிருப்பவர் உங்கள் சங்கத்தில் வாக்காளர். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் மாடிவீட்டுக்காரரையும் அழைத்து, ‘வண்டிகளை ஒழுங்குபடுத்துதல்’ என்ற தீர்மானத்தை அவர்கள் முன்னால் வாசியுங்கள். நிறைவேறினால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.