கைச்சக்கரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் சென்றிருந்தபோது, காந்தி 1904-ல் நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பைப் பார்க்கப் போனேன். பெரும் ஏமாற்றம். அவருடைய ‘சர்வோதயா’ வீடு எரிந்துபோய், பிறகு புதிதாகக் கட்டப்பட்டதாம். அப்படியென்றால் நான் பார்த்தது போலிதானே? சுற்றிலும் தகரக் குடிசைகள். வேலிக் கம்பியிலேயே ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த ஆக்கிரமிப்பாளர்களை அப்புறப்படுத்தி, நூறு ஏக்கரையும் மீட்டுப் பழையபடி அமைத்தால் என்ன? இன்னொன்று: காந்தியோடு அத்தனை தமிழர்கள் போராடியும் அங்கே தமிழின் சுவடு என் கண்ணில் படவில்லையே?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் அப்பாவின் அச்சகத்தைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

வீடு போலியா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. காந்தியே அங்கே தொடர்ந்து வாழக் கொடுத்துவைக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் வேலை அவரை விடவில்லை. அந்த வருத்தத்தைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 2000-ல் அதிபர் ம்பெக்கி திறந்துவைத்தது மீண்டும் கட்டியெழுப்பியதை என்பது ஊரறிந்த செய்தி.

ஆனால் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்ற சொல்லை என்னால் கடந்துபோக முடியவில்லை. 1913 செப்டம்பரில் கஸ்தூர்பா உட்பட பதினாறு பேர் ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பி, டிரான்ஸ்வால் எல்லையை அனுமதியின்றித் தாண்டிச் சிறை சென்றார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் நிலச் சட்டம் வந்தது. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஏறத்தாழ 7 சதவீத நிலம். சொந்த மண்ணில் நிலம் வாங்கும் உரிமையை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பிழைப்புத் தேடி டர்பனின் ஓரத்துக்கு வந்து, ஃபீனிக்ஸ் இருக்கும் இனாண்டாவில் குடிசை போட்டார்கள். 1985 ஆகஸ்டில் நிறவெறியை எதிர்த்த வழக்கறிஞர் விக்டோரியா ம்ஸெங்கே கொல்லப்பட்டார். டர்பன் வட்டாரமே பற்றி எரிந்தது. இனாண்டாவிலிருந்த இந்தியக் குடும்பங்கள் உயிருக்கு அஞ்சி ஓடின. ஃபீனிக்ஸ் சூறையாடப்பட்டுத் தீக்கிரையானது. அதை நான் நியாயப்படுத்தவில்லை, இன்றும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் குடியேறியவர்கள் தங்கள் இடத்தை அழைப்பது பம்பாயி என்று. பம்பாய் என்ற பெயர் ஸுலு வாயில் அப்படி ஆயிற்று. இந்தியர்களின் நினைவை ஊர்ப்பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறவர்களிடம் காந்தியின் பெயரைச் சொல்லி ‘காலி செய்’ என்பீர்களா? துணி உலர்த்திய அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தையாவது பேசினீர்களா? நூறு ஏக்கரையும் வேலி போட்டு வெறுமையாக வைத்தால் அது எப்படித் தம்பி ஃபீனிக்ஸ் ஆகும்?

தமிழ்ச் சுவடு. காந்தியின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழ் 1903-ல் நான்கு மொழிகளில் தொடங்கியது, தமிழும் அதில் ஒன்று. ஃபீனிக்ஸில் வந்து குடியிருந்து தமிழில் எழுத ஆள் அமையவில்லை. 1906-ல் அந்தப் பகுதி நின்றுவிட்டது. தமிழர்களின் சுவட்டை, வேலைநிறுத்தம் நடந்த நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் தேடுங்கள். சிறையிலிருந்து காய்ச்சலோடு திரும்பி, 1914 பிப்ரவரி 22-ல் இறந்த சத்தியாகிரகி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது.

அந்த இதழ் அச்சான ஃபீனிக்ஸில் எல்லோரும் அச்சுக் கோக்கக் கற்க வேண்டும் என்பது விதி. நிறம், நாடு பார்க்காமல் ஆளுக்கு மாதம் மூன்று பவுண்டு. எஞ்சின் கைவிட்டால், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சில் அடிக்க வசதியாகப் பத்திரிகையின் அளவையே புல்ஸ்கேப்புக்குக் குறைத்தார்கள். முதல் இதழ் அடிக்கும் இரவில் எஞ்சின் ஓடவே மறுத்தது. காந்தி, தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களை எழுப்பினார். விடிய விடிய முறை வைத்து அச்சு இயந்திரத்தின் கைச்சக்கரத்தைச் சுற்றினார்கள். பின்னால் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கையால் மட்டுமே சுற்றிய காலம் ஒன்று இருந்தது. ஃபீனிக்ஸ் மிக உயர்ந்து நின்ற நாட்கள் அவைதான் என்று அவர் எழுதுகிறார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்துவிடும். எங்கள் ஊரில் மின்சாரம் போய்விட்டால் அப்பா மோட்டார் பட்டையைக் கழற்றிவிட்டு டிரெடிலை மிதிப்பார். கால் ஓய்ந்தால் நான், எனக்குப் பிறகு அக்கா. அம்மா அச்சுக் கோக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, பெட்டியைப் பார்க்காமலே எழுத்தை எடுத்துக் கோப்பாள். கல்யாணப் பத்திரிகை முகூர்த்தத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமே. அப்பா போன பிறகு, நானும் அண்ணனும் எழுத்துகளை ஈய விலைக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டோம். ஒரே ஒரு எழுத்துப் பெட்டியைத் துடைத்துச் சுவரில் மாட்டினேன். அதைத்தான் இத்தனை வருடம் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் பேத்தி அதன் மூலையில் சிக்கிக் கிடந்த ஒரு எழுத்தை எடுத்தாள். இடவலம் மாறி இருந்ததால் வாசிக்க வரவில்லை. முத்திரை மையில் தொட்டுக் காகிதத்தில் அழுத்தினாள். துதிக்கை வைத்த பழைய ‘ணை’. “இது எந்த மொழி தாத்தா?” என்றாள். மாலைவரை அதே எழுத்தை அடித்துக்கொண்டிருந்தாள், விரலெல்லாம் கறுப்பு.

காந்தியின் மகன் மணிலாலும், அவருக்குப் பின் அவர் மனைவி சுசீலாவும் 1961 வரை நடத்திய பத்திரிகை ‘இந்தியன் ஒப்பீனியன்’. என்னைக் கேட்டால், ஃபீனிக்ஸில் ஒரு டிரெடிலை வையுங்கள். பம்பாயிப் பிள்ளைகள் ஸுலுவில் எழுதி, தாங்களே அச்சுக் கோத்து, வாரம் ஒரு புல்ஸ்கேப் தாள் அடிக்கட்டும். வீட்டுக்குப் பழைய தகரமா புதிய தகரமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டர்பனுக்கு மறுபடி போவீர்கள் என்றால், ஃபீனிக்ஸுக்கு அருகிலேயே ஆப்பிரிக்கத் தலைவர் ஜான் டூபேயின் ஓஷ்லாங்கே பள்ளி இருக்கிறது. 1994-ல் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அங்கேதான். அதையும் பாருங்கள். திரும்பும் வழியில் வேலியோரம் நின்று அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். ஸுலுவில் வணக்கத்துக்கு ‘சாவுபோனா’ என்பார்கள்.