வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளைக்கு அம்மை போட்டால் லீவுக்கு என்ன செய்கிறீர்கள்?

நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். நான் கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. போன பங்குனியில் மூத்தவளுக்குச் சின்னம்மை போட்டதும் இருவருமே லீவு போட்டோம். ஒருவர் கஞ்சி காய்ச்ச, ஒருவர் வேப்பிலையால் தடவிவிட என்று ஒரு வாரத்தில் என் கேஷுவல் லீவு காலி. 15-ஆம் நாள் சின்னவன் வயிற்றில் முதல் கொப்புளம்.

கிருமி தொற்றி அம்மை வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். அதனால் இரண்டு பிள்ளை வீட்டில் இரண்டு சுற்று வரும் என்றே கணக்குப் போடுங்கள். சுற்றுக்கு ஒருவர் லீவு. கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை, ஏறக்குறைய ஒரு வாரம், பிள்ளை வீட்டில்தான்.

இரண்டாம் சுற்றைத் தடுக்கவும் ஒரு வழி இருந்தது. அம்மை வராத பிள்ளைக்குத் தொற்று பட்ட 3 முதல் 5 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் வராமலோ லேசாகவோ போகலாம் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். "ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கையில ஊசியாப்பா?" என்றார் அம்மா. நானும் வாயை மூடிக்கொண்டேன். வேப்பிலையை நான் குறை சொல்லவில்லை. நிலையில் சொருகியதைப் பார்த்துப் பால்காரர்கூடத் தெருவிலேயே நின்றார். ஊசியை விட்டதுதான் தப்பு.

துணைக்கு ஆள் கூப்பிடுமுன் அவர்களுக்கு அம்மை வந்திருக்கிறதா என்று கேளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்த அம்மாவுக்கு நெற்றியிலேயே பழைய தழும்பு உண்டு. முதலில் வருகிறேன் என்றது என் கொழுந்தியாள். அவள் மாசமாக இருந்தாள். கர்ப்பிணிக்கு இது ஆபத்து, கண்டிப்பாக வேண்டாமென்றோம்.

சரி, ஆபீஸ். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் 70 சதவீதச் சம்பளம் கிடைக்குமே என்று ஒருவர் ஆசை காட்டினார். அது தொழிலாளி தானே நோயில் படுத்தால்தான், பிள்ளைக்கு இல்லை. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் உண்டு. ஆனால் தனியார் பள்ளியில் இருக்கும் என் மனைவிக்குச் சம்பளம் பிடித்தார்கள்.

இரண்டாம் சுற்றில் மேனேஜரிடம் போய், வீட்டில் அம்மை என்று சொல்லி நின்றேன். அவருக்கு அதுவரை போட்டதே இல்லையாம். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "வீட்டில் இருந்தே கணக்கை முடித்து அனுப்புங்கள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்" என்றார்.